காயாத பட்டி

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவர், சேஸிஸின் இடது தண்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுரண்டியபோது, நசுங்கலை நிரப்பப் பூசுகிற, கல்லாக உதிர வேண்டிய பட்டி, பிசைந்து வைத்த மாவுபோல நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. முதலில் கிரீஸ் என்றுதான் நினைத்தார். விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். இளஞ்சிவப்பு. பசையோடு ஹார்டனரைக் கலந்த மறு நிமிடம் இருக்கும் அதே நிறம், மூக்கைக் குத்தும் அதே தித்திப்பு வாடை. கலந்து அரை மணி நேரத்துக்குள் இறுகிவிடுகிற சரக்கு அது. அதை அவர் இந்த இரும்பில் பூசி ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது.

போதாக்குறைக்கு, வெதுவெதுப்பாகவும் இருந்தது.

சக்கரம் வைத்த பலகையை உதைத்து வெளியே வந்து, விரலைத் துணியில் துடைத்தார். துடைத்த துணியை மடித்து, யார் கண்ணிலும் படாதபடி கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். கண்ணில் படுவதற்கு அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் செருகிக்கொண்டார். திருடனுக்கு உள்ள பழக்கங்கள் எல்லாம் இந்த ஒன்றரை வருடத்தில் அவருக்கும் வந்து சேர்ந்திருந்தன.

சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. வீட்டை ஒட்டிய ஷெட்டின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கியிருந்தது. அந்த இடைவெளி வழியாக வந்த வெயில் தரையில் ஒரு முழ அகலத்துக்குப் படுத்துக் கிடக்க, மீதி இடமெல்லாம் டியூப்லைட்டின் வெளிறிய வெளிச்சத்தில், பழைய ஆயிலும் துருவும் ஈர சிமென்ட்டும் கலந்த வாடையோடு, பகலா இரவா என்று தெரியாமல் இருந்தது. முன்பெல்லாம் ஷட்டரை முழுசாகத் திறந்து போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு வண்டியைக் காட்டாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

பழைய பிக்கப் வண்டிகள் என்றால் உயிர். யாரோ காட்டோரம் போட்டுவிட்டுப் போன, கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிற வண்டியைக் கட்டி இழுத்து வந்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நசுங்கலைத் தட்டி எடுத்து, பெயின்ட் அடித்து, ஒரு நாள் காலையில் அது இருமிக்கொண்டே உயிர் பெறும்போது பெற்றவனுக்கு நிகரான பூரிப்பு. பன்னிரண்டு வருடத்தில் ஏழு வண்டி. வாரநாட்களில் அவர் எடை முத்திரை ஆய்வாளர். கடைக்காரர்களின் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கிறவர். பத்து கிராம் குறைந்தால்கூட விடமாட்டார், அந்த மனுஷனுக்கு வளைந்துகொடுக்கவே தெரியாது என்று ஊரில் பேர்.

அந்தப் பேரை நினைத்தாலே இப்போது அவருக்குக் காது மடல் சுடும்.

இந்த வண்டி ஏழாவது. மனைவியின் தம்பிக்காகச் செய்தது. அவனை எல்லோரும் செடிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்றுப் பண்ணை வைத்திருந்தான், பேச்சும் செடி, மூச்சும் செடி. பண்ணை திறக்கிற நாளன்றே வண்டியில் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். திறப்புக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் அவர் இடது தண்டைத் தட்டிப் பார்த்தார். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகள் வந்து மாட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு துருவேறி அப்பளமாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. அதை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, வெல்டரைக் கூப்பிட்டு ஒட்ட வேண்டும். இரண்டு வார வேலை.

கதவில் நசுங்கல் என்றால் பட்டி பூசலாம், கூரையில் பள்ளம் என்றால் பூசலாம். பாரம் தாங்குகிற இரும்பில் மட்டும் பூசக் கூடாது. டிங்கரிங் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட இது தெரியும். அவர் பூசினார். கம்பி வலையை மடித்து ஓட்டைக்குள் திணித்து, மேலே இரண்டு கைப்பிடி பட்டியை அப்பி, கட்டைவிரலால் வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தார். வண்டி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்ட வாயால் முடியவில்லை என்று சொல்ல வெட்கம். அடுத்த மாதம் ஏதாவது சாக்கு வைத்து வண்டியைத் திரும்ப வாங்கி ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

ஆறாவது மாதம், தொட்டியும் மண்ணும் ஏற்றிய வண்டி ஒரு இறக்கத்தில் பின்சக்கரம் பிடுங்கிக்கொண்டு புரண்டது. செடிக்காரன் அந்த இடத்திலேயே போய்விட்டான். வண்டிக்குள் ஒரு காலி பாட்டில் கிடந்தது. செடிக்கு வேர் பிடிக்க மருந்து கரைத்து வைக்கிற பாட்டில். அது அவருக்கும் தெரியும். பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். உடம்பு கிடந்த கூடத்தில், நாற்காலிகளுக்கு நடுவே, யாரோ அவரிடமே கேட்டார்கள், எப்படி ஆச்சு என்று. அவர் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்:

"கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டுவான்."

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அது கூடத்தைச் சுற்றி, அடுக்களைக்குப் போய், வாசலுக்கு வந்து, பாட்டிலோடு சேர்ந்துகொண்டு, குடித்துவிட்டு வேகமாக ஓட்டினான் என்று ஆகி, அவன் மனைவியின் மடியில் போய் விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போது அவளுக்கு வண்டி வேண்டும். பண்ணையை அவள்தான் நடத்துகிறாள். நசுங்கின வண்டியை லாரியில் ஏற்றிவந்து இந்த ஷெட்டில் இறக்கிவிட்டு, "உங்க கைபட்டாதான் அண்ணா இது எழுந்திரிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மாதத்தில் கூரையை நிமிர்த்தி, கதவு மாற்றி, என்ஜினை ஓடவைத்துவிட்டார். மீதி இருப்பது இடது தண்டு. அதை வெல்டர் ஒட்ட வேண்டும். வெல்டர் இருபது வருடப் பழக்கம். தண்டின் பிய்ந்த வாயில் ஒட்டியிருக்கிற பட்டியைப் பார்த்த கணமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். அதனால்தான் அவன் வருவதற்குள் சுரண்டி எடுத்துவிடலாம் என்று படுத்தார்.

"என்னங்க, வெல்டருக்குச் சொல்லிட்டீங்களா?" மனைவி ஷட்டருக்கு வெளியே குனிந்து கேட்டாள். அவள் செருப்பும் பாவாடை ஓரமும் மட்டும் தெரிந்தன.

"சுத்தம் பண்ணிட்டுச் சொல்றேன்."

"ஆமை உங்களைப் பாத்துச் சிரிக்குங்க. என் தம்பி பொண்டாட்டி நாளைக்கு ஒரு ஃபோன் போடுவா, நான் என்னன்னு சொல்றது?"

"முடியப்போவுதுன்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் கவனித்தார். முடியப்போகிறது, முடிந்துவிட்டது. இந்த ஷெட்டில் அவர் சொன்ன பொய் எல்லாம் இந்த ஒரு சொல்லில்தான்.

அன்று சாயங்காலம் வரை சுரண்டினார். அரை டப்பா வந்தது. இரண்டு கைப்பிடிதான் வைத்தோம் என்று நினைவு. கூடப் போட்டிருப்போம் என்று விட்டுவிட்டார். மறுநாள் படுத்தபோது பிய்ந்த வாய் விளிம்புவரை நிரம்பியிருந்தது. வாளியை இழுத்து வைத்துக்கொண்டு வழித்தார். வழிக்க வழிக்க உள்ளேயிருந்து வந்தது. கிணறு ஊறுவதுபோல, அவசரமில்லாமல், ஓசையில்லாமல், வெதுவெதுவென்று. ஒரு வாளி. இரண்டு வாளி. அந்தத் தண்டு முழுசுமே உள்ளே கூடாக இருந்தாலும் அரை வாளிக்குமேல் கொள்ளாது. அளந்து பார்க்கிறதே தொழிலாக உள்ள மனுஷர். கணக்கு உதைப்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாளிகளைப் பின்சுவர் ஓரம் குழி வெட்டிக் கொட்டினார். மனைவி துணி காயப்போட வருகிற நேரம் பார்த்து மண்வெட்டியை ஒளித்தார். சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டிக்குப் பயந்து, ஐம்பத்து மூன்று வயதில். கூனிக் குறுகிப் போயிற்று அவருக்கு.

மூன்றாவது வாளியைக் கொட்டும்போதுதான் அதைப் பார்த்தார். கவிழ்ந்து விழுந்த கட்டியின் ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. தண்டின் உள்சுவரை ஒட்டி இருந்த பக்கம். அதில் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அழுத்தத்தில் கட்டைவிரல் வழித்த தடங்கள். பட்டியைக் கட்டைவிரலால் வழிப்பது அவர் வழக்கம்தான். ஆனால் உள்பக்கத்தை அவர் எப்படி வழித்திருக்க முடியும்? உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் குறுக்காக ஒரு கோடு. செடி ஒட்டுக் கட்டுகிற கத்தி பட்டு, நகம் முதல் கணு வரை பிளந்து, கோணலாக ஆறிய ஒரு கட்டைவிரல் அவருக்குத் தெரியும். அந்த விரலை மடக்கித்தான் செடிக்காரன் டம்ளரைப் பிடிப்பான்.

மண்ணை அவசர அவசரமாகத் தள்ளி மூடினார்.

அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் ஒரே கல்லை இரண்டு மூன்று முறை நிறுத்துப் பார்த்தார். ஒரு பலசரக்குக் கடைக்காரர் படிக்கல்லை நீட்டி, "சார், நீங்க பாத்தா சரியாத்தான் சார் இருக்கும்" என்று சிரித்தபோது, அவர் முகத்தைப் பார்க்காமல் கல்லை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டுத் துண்டோடு கூடத்துக்கு வந்தார். மனைவி ஷெட்டின் பக்கம் பார்த்தபடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தவள், திரும்பி அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"நீங்க இங்கயா இருக்கீங்க?"

"ஏன்?"

"ஷெட்டுல தேய்ச்சிட்டு இருந்தீங்களே. இவ்வளவு நேரமா உப்புத்தாள் சத்தம் கேட்டுச்சே. டீயை அங்க கொண்டாரலாம்னு பாத்தேன்."

"எலியா இருக்கும்."

"எலி உப்புத்தாளா போடுது?" என்று சிரித்துவிட்டு டீயை நீட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. சர்ர்... சர்ர்... கூடான இரும்புக்குள்ளிருந்து, பொறுமையாக, ஒரே சீராக, வேலை தெரிந்த கை தேய்க்கிற ஓசை. நடுவில் நிறுத்தி ஊதித் தூசியைத் தள்ளுவதுகூடக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் செடிக்காரன் மனைவி வந்தாள், ஆறு வயது மகளோடு. அவர் ஷட்டரைத் தூக்க வேண்டியதாயிற்று. வெயிலில் வண்டி பளபளத்தது. இலைப்பச்சை நிறம், அவன் ஆசைப்பட்டுக் கேட்ட நிறம். அவள் கதவைத் தடவிப் பார்த்தாள். குழந்தை ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

"மாமா, நான் பெரியவளானா இதை ஓட்டுவேனே."

"ஓட்டலாம்டா குட்டி."

"மெதுவாத்தான் ஓட்டுவேன். அப்பா மாதிரி வேகமா ஓட்ட மாட்டேன்."

அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. அந்த வரி, அவர் வாயிலிருந்து விழுந்த வரி, ஒரு வருடத்துக்கு மேல் யார் யார் வாயிலோ கிடந்து, கடைசியில் இந்தப் பிள்ளையின் வாய்க்கு வந்திருந்தது. நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யாருகிட்டயும் கேக்க எனக்கு வாய் வரல."

"சொல்லும்மா."

"அவரு நிஜமாவே குடிச்சிருந்தாரா? என்கிட்ட குடிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாரு. நான் நம்பிட்டு இருந்தேன். இப்போ எது உண்மைன்னே தெரியல. ராத்திரியில அவரைத் திட்டிட்டு, அப்புறம் திட்டினதுக்கு அழறேன். நீங்க மட்டும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும்."

அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைந்துகொடுக்கத் தெரியாத மனுஷன் என்று நம்பி. இல்லை என்று சொன்னால், பிறகு எதனால் என்று கேட்பாள். எதனால் என்று சொன்னால், வீட்டுக் கதவோரம் நிற்கிற மனைவிக்கும் கேட்கும். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பிறகு இந்த வீட்டில் அவருக்குச் சோறு இருக்காது, முகம் இருக்காது.

"விடும்மா," என்றார். "போனவனைப் பத்திப் பேசி என்ன ஆகப்போவுது."

அவள் கண்ணிலிருந்த ஏதோ ஒன்று அணைந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவர்கள் வீட்டுக்குள் போனதும் வண்டிக்கு அடியில் நுழைந்தார். முடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பிய்ந்த வாய்க்குள் கையை விட்டார். மணிக்கட்டு. முழங்கை. அந்தத் தண்டு அவ்வளவு ஆழமே இல்லை. வெதுவெதுப்பு தோள்வரை ஏறியது. விரல்கள் எதிலோ பட்டன. இரும்பு இல்லை. அது நகர்ந்தது. பிறகு, மிக மெதுவாக, அன்பாக என்றுதான் சொல்ல வேண்டும், அவர் உள்ளங்கையில் ஒரு பிடி பட்டியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது.

கையை உருவிக்கொண்டார். தலை பலகையில் இடித்தது.

கத்தவில்லை. கத்தினால் ஓடி வருவார்கள். வந்தால் பார்ப்பார்கள்.

செடிக்காரனுக்குக் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். இவர் எதையாவது உடைத்து வைத்தால், அக்கா வருவதற்குள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, "விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்பான். இப்போதும் பார்த்துக்கொள்கிறான். மூடி, வழித்து, தேய்த்து, அக்கா கண்ணில் படாதபடி. அது தெரிந்தபோது வந்த வெட்கத்துக்கு முன்னால் பயம் ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் வேலை முடிந்து வந்தபோது ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. வெல்டர் வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்தான். மனைவி பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நானே ஃபோன் பண்ணிட்டேன்," என்றாள்.

அவர் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. சரி, முடிந்தது, தெரிந்துவிட்டது.

வெல்டர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "என்னய்யா, என்னை எதுக்கு வரச் சொன்னீங்க? அதான் ஒட்டியாச்சே. சுத்தியலால தட்டிப் பாத்தேன், கோயில் மணி மாதிரி கணீர்னு இருக்கு. யாரு ஒட்டினது? என்னை விட்டுட்டு வேற ஆள் பாத்தியா?"

அவர் வாயைத் திறந்தார்.

"நான்தான்," என்றார்.

"அடேங்கப்பா. தொழிலை மாத்திக்கய்யா."

மனைவி பெருமையாகச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்று உள்ளே போனாள்.

வெல்டர் போன பிறகு ஷட்டரை இறக்கினார். படுத்துப் பார்த்தார். பிய்ந்த வாய் இல்லை. ஸ்பிரிங் பட்டை அதனிடத்தில் மாட்டியிருந்தது. இடது தண்டு முழுசாக, கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது, பூசி மறைத்தது தெரிந்துவிடும். அவரும் வைத்திருந்தார். அதைத் தண்டில் வைத்தார். விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். விழுந்தது. வலது தண்டில் வைத்தார்.

விழுந்தது.

வெளியே வந்து கதவில் வைத்தார். கூரையில். முன்மூடியில். சக்கரத்து வளையத்தில். என்ஜினில். ஒவ்வொரு தடவையும் அது நழுவி, சிமென்ட் தரையில் விழுந்து, சத்தம் போட்டது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரில் வைத்தார். பட்டென்று ஒட்டிக்கொண்டது. காந்தத்தில் குறை இல்லை. வண்டியில்தான் இரும்பு இல்லை.

வண்டியின் பச்சைத் தோலில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பு. சாவியே போடாத என்ஜின்.

சனிக்கிழமை முழுக்கக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகினார். "அவன் குடிக்கல. வேகமாவும் ஓட்டல. தண்டு துருப்பிடிச்சிருந்துச்சு. நான் பட்டி பூசி மறைச்சேன். வண்டியில ஏறாதீங்க." ஐந்து வரி. கண்ணாடியிடம் தடங்கல் இல்லாமல் வந்தது. கண்ணீரும் வந்தது. வண்டியை எரித்துவிடலாம், சாவியைத் தூக்கி எறியலாம் என்றெல்லாம்கூட யோசித்தார். ஆனால் எதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிடுவதே மேல். காலையில் அவர்கள் வந்ததும், ஏறுவதற்கு முன்னால், முதல் வேலையாக.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. நல்ல வெயில். அவர் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் வண்டி தெருவில் நின்றிருந்தது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு மெல்ல ஓடுகிற என்ஜினை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஸ்டியரிங்கில் செடிக்காரன் மனைவி. நடுவில் குழந்தை. ஓரத்தில், கதவை இழுத்து மூடிக்கொண்டு, அவர் மனைவி.

"நானும் பண்ணை வரைக்கும் போயிட்டு வரேங்க," என்றாள். "அந்த இறக்கத்தை ஒரு தடவை பாக்கணும் போல இருக்கு. இத்தனை நாள் மனசு வரல."

அவர் ஓடினார். ஒற்றைச் செருப்போடு. வாயைத் திறந்தார். அவன் குடிக்கல.

வரவில்லை.

நாக்கு நகரவில்லை. நாக்கைச் சுற்றி வெதுவெதுப்பாக, மாவாக, தித்திப்பு வாடையோடு ஏதோ நிரம்பிக்கொண்டிருந்தது. தொண்டையிலிருந்து. அவசரமில்லாமல். துப்பப் பார்த்தார். துப்புவதற்கு உதடு பிரியவில்லை. கையை வைத்துப் பார்த்தார். உதடு இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அதன் உள்பக்கத்தில், பற்களுக்கு முன்னால், ஒரு கட்டைவிரல் இடமிருந்து வலமாக வழித்துக்கொண்டிருந்தது. ஒரே அழுத்தத்தில். பொறுமையாக. எதையும் அக்காவிடம் காட்டிக்கொடுக்காமல்.

"அண்ணனைப் பாருங்க அண்ணி," என்றாள் அவள், கியரைப் போட்டபடி. "பேச்சே வரல அவருக்கு."

"சந்தோஷத்துல," என்றாள் அவர் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "என் தம்பி வண்டியில்ல."

வண்டி நகர்ந்தது. அவர் பின்னால் ஓடினார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். மூக்கு வழியாக மட்டும் மூச்சு வந்தது. அதிலும் ஒரு துவாரம் அடைத்துக்கொண்டிருந்தது. தலைக்குள் உப்புத்தாள் தேய்க்க ஆரம்பித்திருந்தது.

தெருமுனையில், வெயிலில், இலைப்பச்சை வண்டி அந்த இறக்கத்துக்குப் போகிற பாதையில் திரும்பியது. பின்கண்ணாடியில் குழந்தை முட்டி போட்டு எழுந்து, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இரண்டு கைகளையும் அவரைப் போலவே தலைக்குமேல் தூக்கி ஆட்டியது.